மூடிய கலத்தினுள் ஒன்றுமில்லை: மின்பாய விதியின் வரலாறு

மேல்நிலைப் பள்ளித் தேர்வுக்கும் சேர்த்துப் பயின்றுவரும் மாணவர் ஒருவர், அரபு இலக்கண வகுப்பு முடிந்தபின் இயற்பியல் பாடநூலுடன் நம்மிடம் வந்தார். மூடிய பரப்பு ஒன்றின் வழியே செல்லும் மொத்த மின்பாயம், அப்பரப்பினுள் அடங்கிய மின்னூட்டத்தை மட்டுமே பொறுத்தது என்னும் காஸ் விதியை விரலால் சுட்டிக் காட்டினார். "ஹஜ்ரத், கூலூம் தராசு செய்து அளந்தார் என்று நூலில் இருக்கிறது. காஸ் எதைக் கொண்டு அளந்தார்?" என்று கேட்டார்.

மொழி கற்பிக்கும் நம்மால் அன்று விடை கூற இயலவில்லை. பின்னர் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தபோது, விடை எளிதாகவும் வியப்புக்குரியதாகவும் இருக்கக் கண்டோம். இவ்விதிக்காகக் காஸ் எதையும் அளக்கவில்லை. அளந்தவர்கள் வேறு சிலர். அவர்கள் அளந்து கண்டதோ 'ஒன்றுமில்லை' என்பதே. அந்த ஒன்றுமில்லாமை எவ்வாறு ஒரு விதியாக உருப்பெற்றது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

பெயர்களின் பொருள்

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வது நலம். தேய்த்தால் வைக்கோல் துரும்பை இழுக்கும் மஞ்சள் நிறக் கல் ஒன்றை முன்னோர் அறிந்திருந்தனர். நறுமணப் பொருளாக நாம் அறிந்த அம்பர் அன்று இது. பழங்கால மரப்பிசின் மண்ணுள் புதைந்து இறுகியது. கிரேக்கர் இதனை 'எலெக்ட்ரான்' என்றனர். பாரசீகர் 'காஹ்ருபா' என்றனர்; 'காஹ்' என்பது வைக்கோல், 'ருபா' என்பது கவர்ந்து செல்வது. இங்கிலாந்தின் வில்லியம் கில்பர்ட் 1600ஆம் ஆண்டில் வெளியிட்ட காந்தவியல் நூலில், கிரேக்கப் பெயரிலிருந்து இக்கவர்ச்சிக்குரிய பெயரை ஆக்கினார். இன்றைய அரபு மொழியோ பாரசீகச் சொல்லைத் தழுவி மின்சாரத்தைக் 'கஹ்ரபா' என்கிறது. இரு மொழிமரபுகளும் ஒரே கல்லிலிருந்து பெயர் பெற்றுள்ளன. தமிழ் மட்டும் வானத்து மின்னலிலிருந்து பெயர் கொண்டது.

'பாயம்' என்பது பாய்தலிலிருந்து வந்தது. இலத்தீனின் 'ஃபிளக்சஸ்', அரபியின் 'ததஃப்புக்' ஆகியனவும் பெருகி ஓடுதலையே குறிப்பன. ஆயினும் அசையாத மின்னூட்டங்களைப் பற்றிய பாடத்தில் உண்மையில் எதுவும் ஓடுவதில்லை. இது ஓர் உவமைப் பெயர். ஓடும் ஆற்றில் கம்பி வலையால் ஆன மூடிய கூடை ஒன்றை அமிழ்த்துவதாகக் கொள்வோம். ஒரு பக்கம் எவ்வளவு நீர் நுழைகிறதோ அவ்வளவும் மறுபக்கம் வெளியேறிவிடும். கூட்டிக் கழித்தால் மிச்சம் சுழி. கூடையினுள்ளேயே ஓர் ஊற்று இருந்தால் மட்டும், நுழைவதைவிட வெளியேறுவது மிகும். அம்மிகை ஊற்றின் பெருக்குக்குச் சமமாக இருக்கும். கூடை உருண்டையா, சதுரமா என்பது பொருட்டன்று. ஊற்றின் இடத்தில் மின்னூட்டத்தையும், நீரோட்டத்தின் இடத்தில் மின்புலத்தையும் வைத்துப் பார்த்தால் அதுவே காஸ் விதி.

வெள்ளிக் குவளை

இதன் வரலாறு ஒரு குவளையிலிருந்து தொடங்குகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின், 1755ஆம் ஆண்டு மார்ச் மாதம் தென்கரோலினாவின் சார்ல்ஸ்டன் நகர மருத்துவர் ஜான் லைனிங்குக்கு ஒரு மடல் எழுதினார். வெள்ளிக் குவளை ஒன்றை மின்கடத்தாத் தாங்கியின்மீது வைத்து மின்னேற்றியதாகவும், ஓர் அங்குல அளவுள்ள தக்கைப் பந்தைப் பட்டுநூலில் கட்டி அதனுள் இறக்கியதாகவும் அதில் குறிப்பிட்டார். குவளையின் வெளிப்புறத்தே தக்கை வலுவாக இழுக்கப்பட்டிருக்கும். உள்ளேயோ எப்பக்கமும் இழுக்கப்படவில்லை. அடியைத் தொடுமாறு இறக்கிப் பின் வெளியே எடுத்தபோதும் அது மின்னேறியதாகத் தெரியவில்லை.

இதற்குக் காரணம் யாதெனத் தமக்குத் தெரியவில்லை என்று பிராங்க்ளின் ஒளிக்காமல் எழுதினார். மின்னல் ஆய்வால் ஐரோப்பா முழுவதும் புகழ் பெற்றிருந்தவர் அவர். ஏதேனும் ஒரு காரணத்தைக் கற்பித்திருந்தால் பலரும் ஏற்றிருப்பர். 'லா அத்ரீ', 'அறியேன்' எனச் சொல்வது அறிவில் பாதி என்னும் முதுமொழி அரபு வகுப்பறைகளில் வழங்குகிறது. பிராங்க்ளின் அறியேன் என்றதனாலேயே அக்குவளை பிறர் ஆராயத்தக்க வினாவாக எஞ்சியது.

அவ்வினாவை ஏற்றவர் இங்கிலாந்தின் ஜோசப் பிரீஸ்ட்லி. பிராங்க்ளினின் வேண்டுகோளின்படி அவர் 1766 டிசம்பரில் சோதனையைத் திரும்பச் செய்து, 1767இல் வெளியான தம் மின்னியல் வரலாற்று நூலில் பதிவு செய்தார். அங்கே அவர் நியூட்டனை நினைவு கூர்ந்தார். 1687இல் வெளியான தம் பெருநூலில் நியூட்டன், உள்ளீடற்ற கோள ஓட்டின் ஈர்ப்பை ஆராய்ந்திருந்தார். ஈர்ப்பு தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறையுமாயின், ஓட்டினுள் இருக்கும் பொருள் எப்பக்கமும் இழுக்கப்படாது என்பது அவர் நிறுவிய முடிவு.

இதன் காரணத்தை எளிதில் உணரலாம். ஓட்டினுள் ஒரு புள்ளியிலிருந்து நேரெதிரான இரு திசைகளில் இரு குறுகிய கூம்புகளை வரைவோம். ஒரு கூம்பு ஓட்டின் அண்மைப் பகுதியையும், மற்றது சேய்மைப் பகுதியையும் வெட்டும். சேய்மைப் பகுதி இருமடங்கு தொலைவில் இருந்தால் அதன் பரப்பு நான்கு மடங்கு. ஆனால் அதன் ஒவ்வொரு துண்டின் இழுப்பும் நான்கில் ஒரு பங்கு. இரண்டும் சரியாக ஈடாகிவிடுகின்றன. விசை இருமடியைவிட விரைவாகக் குறைந்தால் அண்மைப் பக்கம் வெல்லும். மெதுவாகக் குறைந்தால் சேய்மைப் பக்கம் வெல்லும். சரியாக இருமடியாக இருந்தால் மட்டுமே உள்ளே எல்லா இடத்தும் அமைதி நிலவும். எனவே மின்விசையும் ஈர்ப்பின் விதியையே பின்பற்றக்கூடும் என்று பிரீஸ்ட்லி ஊகித்தார். குவளை கோளமன்று, மேலே திறந்தும் இருந்தது. ஆதலின் அது ஊகமேயன்றி நிறுவல் அன்று.

அச்சேறாத தாள்கள்

ஊகத்தை அளவையாக மாற்றியவர் ஹென்றி கேவண்டிஷ். பிரபுக் குடும்பத்தவர், பெருஞ்செல்வர், மனிதரைக் காணவே கூசிய தனியர். 1772-73ஆம் ஆண்டுகளில் அவர் 12.1 அங்குல விட்டமுள்ள கோளம் ஒன்றை, 13.3 அங்குல விட்டமுள்ள இரண்டு அரைக்கோளங்களுக்குள் அடக்கினார். உள்கோளத்தையும் வெளியோட்டையும் ஒரு கம்பியால் இணைத்து, வெளியோட்டுக்கு மின்னேற்றினார். பின் பட்டுநூலால் கம்பியை இழுத்தெடுத்து, அரைக்கோளங்களை விலக்கி, உள்கோளத்தை நெட்டிப் பந்துகளால் சோதித்தார். பந்துகள் விலகவில்லை. வழி இருந்தும் மின்னூட்டம் உள்ளே செல்லவில்லை.

சாதாரண ஆய்வாளர் இத்துடன் நிறுத்தியிருப்பார். கேவண்டிஷ் மேலும் ஒரு வினாவை எழுப்பினார்: தம் பந்துகளால் காணக்கூடிய மிகச் சிறிய மின்னூட்டம் எவ்வளவு? ஓட்டின் மின்னூட்டத்தில் அறுபதில் ஒரு பங்கு உள்ளே இருந்திருந்தாலும் அவை காட்டியிருக்கும் என்று அளந்தறிந்தார். அதிலிருந்து, விசை விதியின் அடுக்கு எண் இரண்டிலிருந்து ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் வேறுபட இயலாது என்று கணக்கிட்டார். 'ஒன்றுமில்லை' என்பதற்கே எல்லை வகுத்த இச்செயல் அறிவியல் முறையில் பெரியதொரு முன்னேற்றமாகும்.

ஆனால் அவர் அதை வெளியிடவில்லை. கைப்பட எழுதிய தாள்கள் அவர் 1810இல் மறைந்த பின்னும் பெட்டிகளில் கிடந்தன. அவற்றைத் தொகுத்து ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் அச்சிட்டது 1879இல்தான்.

இடையில், 1769இல் ஸ்காட்லாந்தின் ஜான் ராபிசன் மின்விலக்கத்தை நேரடியாக அளந்து அடுக்கு எண் 2.06 எனக் கண்டார். அவருடைய முடிவும் உரிய காலத்தில் அச்சேறவில்லை. 1785இல் பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல்ஸ் அகஸ்டின் டி கூலூம், மெல்லிய கம்பி முறுக்கத்தால் விசையை அளக்கும் தராசைக் கொண்டு செய்த சோதனைகளைப் பாரிஸ் அறிவியல் கழகத்தில் சமர்ப்பித்தார். விதி அவர் பெயரைப் பெற்றது. அது முறையானதே; தாம் கண்டதைப் பிறர் சரிபார்க்குமாறு முன்வைத்தவர் அவர். கேவண்டிஷின் முறை கூலூமின் முறையினும் நுட்பமானது. ஆயினும் நூறாண்டுக் காலம் அதனால் எவரும் பயன்பெறவில்லை. அறிவு பெட்டியில் இருக்கும்வரை ஒருவருடைய உடைமை மட்டுமே.

கூண்டும் வாளியும்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வினாவை மீண்டும் கையிலெடுத்தவர் மைக்கேல் பாரடே. கொல்லர் மகன், நூல் கட்டும் தொழிலில் பயிற்சி பெற்றவர், உயர்கணிதம் கற்கும் வாய்ப்பில்லாதவர். 1836இல் இலண்டனின் ராயல் நிறுவனத்தில், பன்னிரண்டு அடிக் கனசதுரக் கூண்டு ஒன்றை மரச்சட்டத்தில் அமைத்து, கம்பியும் கடத்தும் தாளும் போர்த்தினார். வெளியே வலிய மின்பொறியால் மின்னேற்றித் தீப்பொறிகள் பறந்துகொண்டிருக்க, எரியும் மெழுகுவர்த்திகளுடனும் மின்காட்டிகளுடனும் அவர் உள்ளே சென்று அமர்ந்தார். கருவிகள் எதையும் காட்டவில்லை.

1843இல் அவர் செய்த மற்றொரு சோதனை இன்னும் எளியது. பியூட்டர் எனப்படும் வெள்ளீயக் கலவையால் ஆன பனிக்கட்டி வாளி, உயரம் பத்தரை அங்குலம், விட்டம் ஏழு அங்குலம். அதன் வெளிப்புறத்தைத் தங்க இதழ் மின்காட்டியுடன் இணைத்தார். மின்னேறிய பித்தளைப் பந்தைப் பட்டுநூலில் கட்டி மெல்ல உள்ளே இறக்கினார். இதழ்கள் விரியத் தொடங்கின. பந்து விளிம்புக்கு ஏறத்தாழ மூன்று அங்குலம் கீழே சென்றபின் அவை அதற்குமேல் விரியவில்லை. பந்தை வாளிக்குள் எங்கே நகர்த்தினாலும் மாற்றமில்லை. பந்து அடியைத் தொட்டபோதும் இதழ்கள் அசையவில்லை. வெளியே எடுத்த பந்திலோ சிறிதும் மின்னூட்டம் இல்லை.

வாளியின் வெளியே தோன்றும் விளைவு உள்ளே எவ்வளவு மின்னூட்டம் உள்ளது என்பதை மட்டுமே பொறுத்தது. எங்கே உள்ளது என்பதைப் பொறுத்ததன்று. இதுவே காஸ் விதியின் உட்பொருள். ஒரு சமன்பாடும் இன்றிப் பாரடே அதை வாளியால் கூறிவிட்டார். மின்னூட்டங்களிலிருந்து விசைக்கோடுகள் புறப்பட்டு வெளியை நிரப்புகின்றன என்னும் கருத்தும் அவருடையதே.

கணிதத்தின் பங்கு

அப்படியாயின் காஸ் செய்தது என்ன? ஜெர்மனியின் கார்ல் பிரீட்ரிக் காஸ் 1813இல் நீள்வட்டத் திண்மங்களின் ஈர்ப்பைப் பற்றி இலத்தீனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். மூடிய பரப்பு ஒன்றின்மீது இருமடி விதிப்படி கூட்டும் தொகை, புள்ளி வெளியே இருந்தால் சுழியாகவும், உள்ளே இருந்தால் 'நான்கு பை' என்னும் மாறாத அளவாகவும், பரப்பின் மேலேயே இருந்தால் அதில் பாதியாகவும் அமையும் என்று அதில் நிறுவினார். அங்கே மின்சாரத்தைப் பற்றிய பேச்சே இல்லை. 1839-40இல், இருமடி விதிப்படி இயங்கும் கவர்ச்சி விசைகளுக்கும் விலக்கு விசைகளுக்கும் பொதுவான தேற்றங்களை அவர் வகுத்தார். காஸ் சோதனைக்கூடம் அறியாதவர் அல்லர். காந்தப்புலத்தை அளப்பதில் முன்னோடி அவர். ஆயினும் இவ்விதியில் அவருடைய பங்கு வடிவியலே: இருமடி விதி உண்மையானால், மூடிய பரப்பைப் பற்றிய முடிவு தவிர்க்க முடியாதது என்று காட்டியமை.

அதிலும் அவர் தனியர் அல்லர். பரப்பின்மீதான கூட்டுத்தொகையை அதன் உட்கனத்தின் கூட்டுத்தொகையாக மாற்றும் பொதுத்தேற்றத்தை ரஷ்யக் கணித அறிஞர் மிகயீல் ஒஸ்த்ரோகிராத்ஸ்கி 1826இல் பாரிஸில் நிறுவினார். ஆதலால் ரஷ்ய நூல்கள் அதனை அவர் பெயரையும் சேர்த்தே வழங்குகின்றன. 1828இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில், காற்றாலையில் மாவு அரைத்து வந்த ரொட்டிக்கடைக்காரர் மகன் ஜார்ஜ் கிரீன், மின்னியலுக்கும் காந்தவியலுக்கும் கணிதத்தைப் பயன்படுத்தும் நூலொன்றைத் தாமே அச்சிட்டார். ஏறத்தாழ ஐம்பது பேரே முன்பணம் கட்டி வாங்கினர். அவர் 1841இல் மறைந்தார். 1845இல் அந்நூல் வில்லியம் தாம்சனின் கைக்குக் கிடைத்த பின்னரே உலகம் அதை அறிந்தது.

இதே தாம்சன்தான் 1842இல், தம் பதினேழாம் வயதில், திண்மப் பொருளில் வெப்பம் பரவும் கணக்கும் மின்விசைக் கணக்கும் ஒரே வடிவின என்று காட்டினார். வெப்பம் உண்மையிலேயே பரவுவது. ஆகவே ஒரு பரப்பின் வழியே எவ்வளவு பாய்கிறது என்று கேட்பது இயல்பு. அக்கேள்வி மின்னியலுக்கும் பெயர்ந்தது. மேக்ஸ்வெல் 1855-56இல், பாரடேயின் விசைக்கோடுகளை அமுக்கவியலாத கற்பனை நீர்மம் ஒன்று ஓடும் குழாய்களாக விளக்கினார். முன்னர் நாம் கூறிய ஊற்று உவமையின் வேர் இங்கேதான் உள்ளது. 1873இல் வெளியான அவருடைய பெருநூலில் கணிதமும் சோதனையும் ஒன்றாயின.

எண்களில் காண்போம்

விதியின் ஆற்றலை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஒரு நானோகூலூம் மின்னூட்டத்தைச் சுற்றி ஒரு மீட்டர் ஆரமுள்ள கற்பனைக் கோளம் வரைவோம். அங்கே மின்புலம் கூலூமுக்கு ஏறத்தாழ 9 நியூட்டன்; கோளத்தின் பரப்பு 12.57 சதுர மீட்டர். பெருக்கினால் மின்பாயம் 113. ஆரத்தை இரண்டு மீட்டராக்கினால் புலம் 2.25 ஆகக் குறையும், பரப்பு 50.27 ஆகப் பெருகும். பெருக்கினால் மீண்டும் 113. ராபிசன் அளந்த 2.06 சரியான அடுக்கு எண்ணாக இருந்திருந்தால், இரண்டாம் கோளத்தில் 108 அளவே கிடைத்திருக்கும். வழியில் எங்கோ புலம் காணாமற் போயிருக்கும். எந்தக் கோளமாயினும் தொகை மாறாதிருப்பது இருமடி விதியின் மறுபக்கமே.

மாணவர் பலர் இங்கே ஒரு பிழை செய்கின்றனர். மொத்த மின்பாயம் சுழி என்றால் மின்புலமும் சுழி என்று கொள்கின்றனர். ஆற்றில் அமிழ்ந்த வெறுங்கூடையின் வழியே நீர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நுழைவதும் வெளியேறுவதும் சமம், அவ்வளவே. உலோகக் கலத்தின் செய்தி வேறு. உலோகத்தின் உடலுள் மின்னூட்டங்கள் நகர்ந்து தம்மைச் சரிசெய்து கொள்வதால் அங்கே புலமே இல்லை. ஆகவே அவ்வுலோகத்தினுள் வரையும் எந்த மூடிய பரப்பும் நிகர மின்னூட்டம் எதையும் அடக்காது. எஞ்சிய மின்னூட்டம் வெளிப்புறத்தில்தான் தங்க முடியும். பிராங்க்ளின் அறியேன் என்ற குவளைக்கு இதுவே விடை.

சுழியை அளந்தவர்கள்

கேவண்டிஷின் தாள்களை வெளியிட்ட மேக்ஸ்வெல், அச்சோதனையைக் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் பெயர் தாங்கிய ஆய்வுக்கூடத்திலேயே மக்காலிஸ்டரைக் கொண்டு திரும்பச் செய்வித்தார். அடுக்கு எண் இரண்டிலிருந்து 21,600இல் ஒரு பங்குக்கு மேல் வேறுபடாது எனத் தெரிந்தது. 1936இல் அமெரிக்காவில் பிளிம்ப்டனும் லாட்டனும் அவ்வெல்லையை நூறு கோடியில் இரண்டு பங்காகக் குறைத்தனர். 1971இல் வில்லியம்ஸ், ஃபாலர், ஹில் ஆகிய மூவரும் ஒன்றனுள் ஒன்றாக அமைந்த உலோக ஓடுகளைக் கொண்டு, நூறு கோடிக் கோடியில் ஒரு சில பங்கு என்னும் அளவுக்கு இறக்கினர். ஒளித்துகளுக்கு நிறை இருந்தால் இருமடி விதி பிசகும். ஆதலின் இச்சோதனை ஒளியின் இயல்பையும் சோதிப்பதாகும். கருவிகள் மாறின. வினா மட்டும் குவளையின் வினாவாகவே தொடர்ந்தது: உள்ளே ஏதேனும் உள்ளதா?

சில நாள் கழித்து அம்மாணவருக்கு நாம் விடை கூறினோம். காஸ் அளக்கவில்லை, பிராங்க்ளின் கண்டார், பிரீஸ்ட்லி ஊகித்தார், கேவண்டிஷ் அளந்தார், பாரடே காட்டினார், காஸ் அதன் கணிதத் தேவையை நிறுவினார், மேக்ஸ்வெல் அனைத்தையும் இணைத்தார் என்றோம். பாடநூல் ஒரே பெயரைச் சொல்வது நினைவுக்கு எளிது. ஆயினும் அப்பெயர் மட்டும் எஞ்சும்போது, விதி வானிலிருந்து சமன்பாடாக இறங்கியது போன்ற மயக்கம் ஏற்படுகிறது. அதைக் கேள்வி கேட்கலாம் என்பதும், ஒரு காலத்தில் பெரியோர் பலர் அதை அறியாதிருந்தனர் என்பதும் மாணவர் உள்ளத்தில் பதிவதில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு நாம் ஒன்றை முன்வைக்க விரும்புகிறோம். இப்பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குமுன், காற்றில் ஈரம் குறைந்த நாளொன்றில் ஒரு தகரக் குவளையை மின்கடத்தாத் தட்டின்மேல் வைத்து மின்னேற்றுங்கள். நூலில் கட்டிய தக்கையை முதலில் வெளியிலும் பின்னர் உள்ளேயும் தொங்கவிடுங்கள். வெளியே இழுக்கப்படும் தக்கை உள்ளே ஏன் சும்மா தொங்குகிறது என்று மாணவர் கேட்கட்டும். அக்கேள்வி எழுந்த பின் எழுதப்படும் சமன்பாடு, அவர்களுக்கு விடையாகத் தெரியும்.